இடது பக்கத்து அறை

14

ஒன்பது நாள்.

தங்கைக்குப் பெரிய நகரத்தில் வேலை கிடைத்த செய்தி மகள் மிளகுக்குத் தெரிந்து, ஒன்பது நாள் கழித்துத்தான் மாஸ்டருக்குத் தெரிந்தது. பெற்றவளுக்குக் கடைசி பெஞ்சு.

போன வாரச் சண்டையில் அவள் அதையேதான் திரும்பத் திரும்பச் சொன்னாள். வேலையைப் பற்றி அவளுக்கு ஒன்றும் இல்லை. ஐம்பது மீட்டர் நீச்சல் குளம், தலைமைக் கோச் பதவி, நன்றாக இருக்கட்டும். ஆனால் பத்து வயதுப் பிள்ளை ஒன்பது நாள் வாயைத் தைத்து வைத்திருந்தாளே, அந்த ஊசியை அவள் கையில் கொடுத்தது யார்?

"நீ வருத்தப்படுவேன்னுதான்க்கா" என்றாள் தங்கை.

அதோடு விட்டிருக்கலாம். சூடு ஆறும் முன்பே அடுத்ததையும் கேட்டுவிட்டாள். "அங்க நீச்சல் பள்ளியில செலக்‌ஷன் நடக்குது. மிளகைக் கூட்டிட்டுப் போகட்டுமா? எடுத்துட்டாங்கன்னா என்கூடவே இருந்து படிக்கட்டும்."

"இடத்தைக் கொடுத்தா மடத்தைப் பிடுங்குற கதையா இருக்கே. என் பிள்ளை என் வீட்டுலதான் இருப்பா."

பேச்சு அங்கே அறுந்தது.

மாஸ்டர் என்றால் கட்டிங் மாஸ்டர். சீருடை தைக்கும் தொழிற்சாலையில் பதினேழு வருடமாகத் துணி வெட்டுகிறாள். வீட்டிலும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது. மகளுக்கு முதலில் கடுகு என்றுதான் செல்லப்பெயர் வைத்தார்கள். இரண்டு வயதில் அவள் பேச ஆரம்பித்ததும், காரம் போதவில்லை என்று மிளகு ஆக்கினார்கள்.

சமாதானம் பேச வந்தது மாஸ்டரின் கணவன். லிஃப்ட் மெக்கானிக். எதையும் ஏற்றவும் இறக்கவும் தெரிந்தவன்.

"கோச் வேலையில சேர்றதுக்கு முன்னாடி நாலு பேரும் பத்து நாள் அந்த ஊரைச் சுத்திட்டு வரலாம். சண்டையைக் கொஞ்ச நாள் மொட்டை மாடியில வைங்க" என்றான்.

திங்கட்கிழமை காலை அங்கே இருக்க வேண்டும். வெள்ளிக்கிழமை ஆகியும் எங்கே தங்குவது என்று முடிவாகவில்லை. காரணம் மாஸ்டர்தான்.

சாதாரண ஓட்டல் வேண்டாம் என்று முதல் நாளே சொல்லிவிட்டாள். ஓட்டல் என்றால் இரண்டு ரூம், இரண்டு கதவு, இரண்டு சாவி. ஒரு சாவி தங்கையிடம் இருக்கும். மிளகு எந்தக் கதவுக்குப் பின்னால் இருப்பாள் என்பதை அறிய ஜோசியம் பார்க்க வேண்டாம்.

"அபார்ட்மெண்ட் ஹோட்டல்தான். ஒரே வாசல். சமையலறை இருக்கும். எல்லாரும் ஒண்ணா இருக்கலாம்" என்றாள்.

"அக்காவுக்கு என்ன திடீர்னு கூட்டுக்குடும்ப ஆசை?" என்று தங்கை சிரித்தாள். மாஸ்டர் சிரிக்கவில்லை.

மூன்று இடங்கள் பார்த்தார்கள். முதலாவது பூங்காவை ஒட்டி இருந்தது. இரண்டு படுக்கையறை, நடுவில் ஹால், மிளகுக்கு ஹாலில் சோஃபா. தங்கை தினமும் காலை ஐந்து மணிக்கு ஓடப் போகிறவள். சோஃபாவைத் தாண்டித்தான் போக வேண்டும். தனியாகவா போவாள்? வேண்டாம்.

இரண்டாவதைக் கணவன் தள்ளினான். படத்தில் லிஃப்டின் கதவைப் பெரிதாக்கிப் பார்த்தான். "இது நிக்கிற லிஃப்ட் இல்ல. நின்னு போற லிஃப்ட்."

மூன்றாவது ஒன்பதாவது மாடியில். வாசலில் நுழைந்தால் ஹால். ஹாலுக்கு இரு பக்கமும் ஒவ்வொரு படுக்கையறை. அதில் ஒன்றுக்குள் மட்டும் சின்னதாக ஒரு பிள்ளைகள் அறை. அறை என்று கூடச் சொல்ல முடியாது. ஆறடிக்கு மூன்றடி, ஒரு குட்டிக் கட்டில், ஒரு ஜன்னல், தள்ளுகிற கதவு. அதில் படுக்கிற பிள்ளை வெளியே வர வேண்டுமென்றால் பெரியவர்களின் கட்டிலைத் தாண்டித்தான் வர வேண்டும்.

மாஸ்டர் அந்தப் படத்தை நான்கு தடவை பார்த்தாள். ஐந்தாவது தடவை பார்க்கும்போது முடிவு செய்துவிட்டாள். ஆனால் அவள் கண்ணால் மட்டும் நம்புகிறவள் அல்ல.

"நாளைக்கு ரெண்டு மணிக்கு எல்லாரும் ஃபேக்டரிக்கு வாங்க" என்றாள். "வீட்டை வெட்டிக் காட்டுறேன்."

சனிக்கிழமை ஒரு மணிக்கு ஷிஃப்ட் முடிந்தது. கட்டிங் ஹாலின் கோடியில், துணிக் கட்டுகள் போன இடம் காலியாகக் கிடந்தது. மேற்பார்வையாளரிடம் சொல்லிவிட்டு, ஒன்பதாவது மாடி வீட்டின் படத்தை அச்செடுத்துக்கொண்டாள். டேப், கோடு போடும் சாக்பீஸ், நீளமான மரச்சட்டம். முழங்கால் போட்டு உட்கார்ந்தாள்.

ஒரு மணி நேரம். சுவருக்குச் சுவர், கதவுக்குக் கதவு, உண்மை அளவில். கட்டில்களுக்குக் கூடக் கட்டம் போட்டாள். பிள்ளைகள் அறையின் கோட்டை மட்டும் இரண்டு தடவை அழுத்தி இழுத்தாள்.

தங்கையும் மிளகும் குளத்திலிருந்து நேராக வந்தார்கள். மிளகின் தலை ஈரம். புதிதாக ஒரு பின்னல், நான்கு கால் வைத்து, கயிறு போல. மாஸ்டருக்கு மூன்று கால் பின்னல்தான் தெரியும்.

"யார் பின்னினா?"

"சித்தி. இது தண்ணியில அவுராது." மிளகு சாக்பீஸ் கோடுகளைப் பார்த்து வாயைப் பிளந்தாள். "அம்மா, இது நிஜ சைஸா?"

"நிஜ சைஸ்."

"சூப்பர்மா."

அந்த ஒரு வார்த்தைக்கு மாஸ்டரின் முழங்கால் வலி பறந்து போனது. இரண்டு நிமிடம்தான். தங்கை கையில் இருந்த பையைக் கீழே வைத்துவிட்டு, "அக்கா, சொல்ல மறந்துட்டேன். அவளுக்குத் தோள் அகலமாயிட்டு வருது. ஸ்கூல் சட்டை அக்குள்ல பிடிக்குது, பார்த்தியா?" என்றாள்.

மாஸ்டர் பார்க்கவில்லை. ஒரு நாளைக்கு அறுநூறு சட்டை வெட்டுகிறவள். தெருவில் போகிற ஆளின் தோள் அளவை டேப் வைக்காமல் சொல்லுவாள். தன் பிள்ளையின் தோளை இன்னொருத்தி சொல்லித் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

"பார்த்தேன். அடுத்த வாரம் புதுசு வெட்டணும்னு இருந்தேன்" என்றாள். பொய். மகளைப் பிடித்து வைத்துக்கொள்வதற்கு அக்கறை என்று அவள் வைத்திருந்த பெயர் நாளுக்கு நாள் பொருந்தாமல் போய்க்கொண்டிருந்தது. சட்டை மாதிரியே.

கணவன் வந்தான். வாசல் கோட்டுக்கு வெளியே நின்று, காற்றில் ஒரு பட்டனை அழுத்தி, காத்திருந்தான்.

"என்ன பண்றீங்க?"

"ஒன்பதாவது மாடி. லிஃப்ட் வர வேண்டாமா?"

மிளகு விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு இல்லாத கதவுகளைக் கிரீச்சென்று வாயால் சத்தம் போட்டுத் திறந்துகொண்டு ஒவ்வொரு அறையாகப் போனாள். கோட்டை மிதித்துச் சுவரில் நடந்த அப்பாவைத் திட்டினாள். சமையலறைக் கட்டத்தில் நின்று எல்லோருக்கும் காற்றில் டீ ஊற்றிக் கொடுத்தாள். தங்கைக்குக் கொடுக்கும்போது மட்டும் "சர்க்கரை இல்லாம" என்றாள். மாஸ்டர் அதையும் எண்ணிக்கொண்டாள்.

தங்கை அச்செடுத்த தாளைக் கையில் எடுத்தாள். தாளைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள், மறுபடி தாளைப் பார்த்தாள். ஏதோ சொல்ல வந்தவள் போல வாய் திறந்து மூடியது.

தோற்றது தெரிந்துவிட்டது என்று மாஸ்டர் நினைத்தாள்.

"கேளுங்க" என்றாள். "யார் எந்த ரூம்னு இங்கேயே முடிவு பண்ணிடணும். அங்க போய் இது எனக்கு அது உனக்குன்னு நிக்கக் கூடாது. இடது பக்கத்து அறை எங்களுக்கு. ரெட்டைக் கட்டில். அதுக்குள்ள இருக்கிற குட்டி ரூம் மிளகுக்கு. வலது பக்கம் உனக்கு. ஒத்தைக் கட்டில். சரிதானே?"

"எனக்கு ஓகே" என்றாள் தங்கை.

"உங்களுக்கு?"

"லிஃப்ட் ஓடினா போதும்" என்றான் கணவன்.

மிளகு இடது பக்கத்து அறைக்குள் நுழைந்தாள். இரட்டைக் கோடு போட்ட அந்த ஆறடிக்கு மூன்றடியில் போய்ப் படுத்தாள். கைகளைத் தலைக்கு மேல் நீட்டி, விரல்களைச் சேர்த்து, குதிக்கப் போகிறவள் மாதிரி. விரல் நுனி சுவரைத் தாண்டியது.

"சின்னதா இருக்கும்மா."

"பத்து நாள்தானே. கையை மடக்கிப் படு."

மிளகு சித்தியைப் பார்த்தாள். சித்தி வேறெங்கோ பார்த்தாள். "சரிம்மா" என்றாள் மிளகு.

நான்கு மணிக்கு மாஸ்டர் போனில் பதிவு செய்தாள். இடது அறை, இரட்டைக் கட்டில். வலது அறை, ஒற்றைக் கட்டில். இரண்டு நாளில் வருகிறவர்கள் கட்டிலை மாற்ற வேண்டுமானால் இன்று ஆறு மணிக்குள் சொல்ல வேண்டும் என்று கீழே எழுதியிருந்தது. மாற்ற என்ன இருக்கிறது? பட்டனை அழுத்தினாள். பத்து நாள் தன் மகள் தன் மூச்சுக் கேட்கிற தூரத்தில் தூங்குவாள். ஐந்து மணி ஓட்டத்துக்கு யாரும் கிசுகிசுத்து எழுப்ப முடியாது. பத்து நாளும் அப்படிப் போனால், வேறு ஊரில் வேறு வீட்டில் இருக்கும் ஆசையே அந்தப் பிள்ளைக்கு விட்டுப்போகும்.

அதுதான் அவள் போட்ட கணக்கு. வேறு யாரிடமும் சொல்லவில்லை.

தங்கையும் மிளகும் டீ வாங்கிவரக் கீழே போனார்கள். டீக்கடை வாசலிலேயே இருந்தது. ஆனால் நேரம் போய்க்கொண்டே இருந்தது. ஐந்து அடித்தது. ஐந்தரையும் ஆனது. அப்படி என்னதான் பேசுவார்கள் இரண்டு பேரும்? மாஸ்டர் ஜன்னல் பக்கம் போனாள், திரும்பினாள், மறுபடி போனாள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தும் மதில் சுவர்தான் தெரிந்தது.

கணவன் தாளை வைத்துக்கொண்டு வாசல் கோட்டில் நின்றிருந்தான்.

"மாஸ்டர், உன் படத்துல லிஃப்ட் எங்க இருக்கு?"

"வாசல்லேருந்து வெளிய வந்தா இடது கைப்பக்கம். குறிச்சிருக்கேன் பாருங்க."

"அவங்க படத்துல வலது கைப்பக்கம் இருக்கே."

"தாளைத் தலைகீழாப் பிடிச்சிருப்பீங்க."

"லிஃப்டைத் தலைகீழா பிடிச்சா என் வேலை போயிடும். நீயே பாரு."

அவள் வாங்கிப் பார்த்தாள்.

துணியை மேசையில் விரிக்கும்போது நல்ல பக்கம் கீழே இருக்கும். உள்பக்கம் மேலே. கோடு உள்பக்கத்தில்தான் போடுவார்கள். அதனால் சட்டையின் இடது முன்பாகத்தை வலதாக வரைய வேண்டும், வலதை இடதாக. பதினேழு வருடம். கைக்கு அது பழகிப்போய், யோசிக்காமலே திருப்பிப் போடும். இன்று மதியம் கை அதையேதான் செய்திருந்தது. ஒரு வீட்டையே உள்பக்கமாக வரைந்திருந்தது.

பிள்ளைகள் அறை இடது பக்கத்தில் இல்லை. வலது பக்கத்து அறைக்குள் இருந்தது. தங்கையின் அறைக்குள்.

சாட்சி வைத்து, ஒவ்வொருவராகச் சரி சொல்ல வைத்து, தன் கையாலேயே மகளைத் தங்கையின் அறையில் படுக்க வைத்துவிட்டாள்.

"சரி, இடமானா என்ன வலமானா என்ன? கூரை ஒண்ணுதானே" என்றான் கணவன்.

"உங்களுக்குப் புரியாது."

"புரியும்" என்றான் அவன். அது திட்டுவதைவிட மோசமாக இருந்தது.

மணி ஐந்து நாற்பத்தி ஐந்து. சரக்கு லிஃப்டுக்குப் பக்கத்தில் படிக்கட்டில் போய் உட்கார்ந்து ஹோட்டலைக் கூப்பிட்டாள். ஒரு இளம்பெண் எடுத்தாள். மாஸ்டர் பதிவு எண்ணைச் சொன்னாள்.

"ஒரு சின்ன மாத்தம். இடது ரூம், வலது ரூம் மாறிப்போச்சு. ரெட்டைக் கட்டில் வலது பக்கம்..."

"அது மாத்தியாச்சே மேடம். இப்பத்தான், பத்து நிமிஷம் இருக்கும்."

"யாரு?"

"உங்க தங்கச்சி. பதிவுல அவங்க பேரும் இருக்கே. 'எங்க அக்கா தப்பாப் போட்டுட்டாங்க, குழந்தைகள் ரூம் அவங்க பக்கம்தான் வரணும்'னாங்க. அக்காகிட்ட சொல்ல வேண்டாம்னும்..." அந்தப் பெண் நிறுத்தினாள். "சொல்லிட்டேனா? ஸாரி மேடம்."

தங்கை தாளையும் தரையையும் மாறி மாறிப் பார்த்தது அதற்குத்தானா? பார்த்த உடனே புரிந்துவிட்டது. எல்லார் முன்னாலும் சொல்லி அக்காவைத் தலைகுனிய வைக்க வேண்டாம் என்று வாயை மூடிக்கொண்டாள். கீழே போய் இரண்டு நிமிடத்தில் சரிசெய்துவிட்டாள்.

நல்ல தங்கை. வேறு யாராக இருந்தாலும் கண் கலங்கியிருக்கும். மாஸ்டருக்கு வயிறு எரிந்தது. ஒரு வாரமாக மல்லுக்கட்டியும் கைக்கு வராததை அவள் போகிற போக்கில் எடுத்து நீட்டியிருக்கிறாள். என் பிள்ளையை எனக்கே தானம் கொடுத்திருக்கிறாள். கொடுக்க முடிகிறதென்றால், அது அவளிடம் இருக்கிறது என்றுதானே பொருள்?

"மேடம்? லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன்."

"இன்னொண்ணு. அந்த ரெண்டாவது ரூமுக்குக் கட்டில் எப்படின்னு உங்க தங்கச்சி இன்னும் சொல்லலை. அக்காவைக் கேட்டுச் சொல்றேன்னாங்க. ஆறு மணிக்குள்ள வேணும்."

"எந்த ரெண்டாவது ரூம்?"

"பதினோராவது நாள்லேருந்து ஒரு வாரத்துக்குச் சின்ன ரூம் ஒண்ணு. அதே போன்ல போட்டாங்க. ஒரு பெரியவங்க, ஒரு குழந்தை. வயசு பத்துன்னு இருக்கு. ஒரே கட்டில் போதுமா, தனித்தனியாப் போடணுமா?"

கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது என்பார்கள். மாஸ்டர் வெட்டியது தானே இறங்கிப் பார்க்கத் துணியாத கிணறு.

"இருங்க. வச்சிடாதீங்க" என்றாள்.

போனைக் கையில் பிடித்தபடியே உள்ளே வந்தாள். டீ வந்திருந்தது. கணவன் சமையலறைக் கட்டத்தில் நின்று குடித்துக்கொண்டிருந்தான். தங்கை ஹாலில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். மிளகு அவள் பக்கத்தில், தோளோடு தோள் ஒட்டி.

தங்கை அக்காவின் முகத்தைப் பார்த்தாள். பிறகு போனைப் பார்த்தாள். டீயைக் கீழே வைத்தாள்.

"அக்கா, உன்கிட்ட பேசிட்டுத்தான்..."

"பதினோராவது நாள் ரூம் யாருக்கு?"

தங்கை மூச்சை இழுத்தாள். பதில் வேறு பக்கத்திலிருந்து வந்தது.

"எனக்கும்மா."

மிளகு எழுந்து நின்றாள். அந்த உயரத்துக்கு அந்தத் தோள் உண்மையிலேயே அகலம்தான்.

"சித்தி வேண்டாம்னாங்க. அம்மாகிட்ட கேட்காம முடியாதுன்னாங்க. இத்தனை நேரம் கீழ அதுக்குத்தான் சண்டை. நான்தான் அழுது போட வச்சேன். பதினொண்ணாவது நாள்தான் செலக்‌ஷன் ஆரம்பிக்குது." குரல் நடுங்கியது, ஆனால் நிற்கவில்லை. "பத்து நாளும் நீ சொல்ற இடத்துலயே கையை மடக்கிப் படுக்கறேன். அதுக்கப்புறம் ஒரு வாரம் மட்டும் விடும்மா."

கணவன் டம்ளரை வாயில் வைத்தபடியே நின்றான். தங்கை தரையைப் பார்த்தாள்.

மாஸ்டருக்கு இத்தனை நாளும் தங்கைமேல் எரிந்தது. தங்கையிடம் கேட்க நாக்கு நுனியில் நூறு கேள்வி வைத்திருந்தாள். தன் பிள்ளையிடம் கேட்க ஒன்றுகூட இல்லை.

"மேடம், ஆறு ஆகப் போகுது" என்றது போன். "ஒரு கட்டிலா, ரெண்டா?"

மாஸ்டர் போனைக் காதில் வைத்தாள். மகளைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"ரெண்டு" என்றாள். "நடுவுல நல்லா இடம் விட்டுப் போடச் சொல்லுங்க."

மிளகின் முகம் மலரத் தொடங்கியது.

"படுக்கப் போற பெரியவங்க யாருன்னு" என்றாள் மாஸ்டர், "நான் அங்க வந்து சொல்றேன்."